கடலோரத்தில் புதிய நிலம் அமைப்பது எப்படி: தோட்டப்புற வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிலாங்கூரின் கேரித்தீவுப் பாலத்தைக் கடந்து செம்பனை வரிசைகளுக்கிடையே கடற்பக்கமாகச் செல்பவர்கள், தோட்டத்தின் எல்லையில் ஆளுயரத்தையும் மிஞ்சி நீண்டு கிடக்கும் மண்கரையைப் பார்த்திருப்பார்கள். பண்டு என்று தோட்டத்தில் வழங்கும் அந்தக் கரையின் ஒரு பக்கம் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களும் சேறும், மறுபக்கம் கடல் ஏற்றத்தின் மட்டத்தைவிடத் தாழ்ந்த காய்ந்த நிலமும் இருக்கின்றன. கடல்நீர் ஏறிப் பரவிய சதுப்புநிலத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை கட்டி, கான் என்னும் வடிகால் வெட்டி, நீரை வடித்துத் தோட்டமாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் மண்வெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று ஜொகூர், மலாக்கா, பினாங்கு கடற்கரைகளில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டங்களைப் பற்றிப் பந்திங், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் பேச்சு எழும்போதெல்லாம், வீடு கட்டிக் குடியிருக்கும் அளவுக்குக் கடலில் எப்படி நிலம் உருவாகிறது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. அதற்கு முறையாக விடை தருவதே இவ்வழிகாட்டியின் நோக்கம். கடல்நீரை அகற்றுவதும் மண் கொட்டுவதும் இப்பணியின் எளிய பகுதிகள். கடலடிக் களிமண்ணுக்குள் அடைபட்டிருக்கும் நீரை வெளியேற்றுவதுதான் காலத்தையும் பணத்தையும் விழுங்கும் பகுதி. ஆகவே இங்கே அதற்கே அதிக இடம் தரப்படுகிறது.

எந்த வழி என்று முதலில் முடிவு செய்க

கடலிலிருந்து நிலம் பெற இரண்டு வழிகள் உள்ளன. கரை கட்டி நீரை வடிப்பது ஒன்று; மண்ணாலும் மணலாலும் தூர்த்து மட்டத்தை உயர்த்துவது மற்றொன்று. முதல் வழியில் உலகுக்கே பாடம் சொன்ன நாடு நெதர்லாந்து. அந்நாட்டினர் 32 கிலோமீட்டர் நீளக் கடற்கரையணையை 1932ஆம் ஆண்டில் அடைத்து முடித்து, அதன் உட்புறத்தில் ஒவ்வொரு பகுதியாக நீரை இறைத்து, ஃபிளேவோலாந்து என்ற ஒரு மாநிலத்தையே உருவாக்கினார்கள். இரண்டாம் வழியில் முன்னோடி நம் அண்டை நாடான சிங்கப்பூர். 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பளவு இப்போது 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2007இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்த பிறகு மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால், அதே சிங்கப்பூர் தெக்கோங் தீவில் நெதர்லாந்து முறையைக் கைக்கொண்டது.

பயிர்நிலம் வேண்டுமானால் கரை கட்டும் வழி போதும், செலவும் குறைவு. குடியிருப்புக்கோ தூர்த்து உயர்த்தும் வழியையே நான் பரிந்துரைப்பேன். கரைக்குள் தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் ஓர் இரவு கரை உடைந்தாலும், மழை கொட்டும்போது பம்பு நின்றாலும், உறங்குகிறவர்களின் கட்டிலுக்கு நீர் வந்துவிடும்.

அனுமதி

மலேசியாவில் கடற்கரை நிலமும் கரையோரக் கடலடியும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 50 ஹெக்டருக்கும் மேற்பட்ட கடற்கரைத் தூர்ப்புக்கு, பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கப்படும் விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். நீரோட்டமும் கரையரிப்பும் எப்படி மாறும் என்ற ஆய்வை வடிகால் நீர்ப்பாசனத் துறை பரிசீலிக்கும். ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்தில் இந்த அறிக்கைக்கான அங்கீகாரத்துக்கு முன்பே 2014இல் பணி தொடங்கி, பிறகு நிறுத்தப்பட்டு, 2015 ஜனவரியில்தான் அங்கீகாரம் கிடைத்தது. அறிக்கை பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில், அக்கடலில் கெராங் சிப்பியும் இறாலும் எடுத்துப் பிழைக்கும் மீனவர்களும், கேரித்தீவின் மா மெரி மக்களைப் போன்ற பூர்வகுடியினரும் அதைப் படித்துத் தம் கருத்தை எழுத்தில் தருவது மிகவும் முக்கியம். அலைபட்டுப் பழகிய ஒரு கரையை மாற்றினால் பக்கத்துக் கரை அரிக்கப்படும், அல்லது சேறு படிந்து படகுகள் தரைதட்டும். இதில் மேலோட்டமான ஆய்வை யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கரை கட்டி வடிக்கும் முறை

முதலில் கரை அமையவிருக்கும் நேர்க்கோட்டில் மரங்களை வேரோடு அகற்றி, நடுவில் ஓர் ஆழமான அகழியை வெட்டி, வேரும் இலைமட்கும் கலவாத சுத்தமான களிமண்ணால் அதை அடைத்து மிதிக்க வேண்டும். இந்த வேலை வெளியே தெரியாது என்பதால் அவசரப்படுகிறவர்கள் தவிர்த்துவிடுவார்கள்; ஆனால் கரையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. புதைந்த வேர் மட்கினால் அது குழாயாகிவிடும். நண்டும் சேற்று இறாலும் குடைந்த வளைகள் ஏற்கெனவே குழாய்கள்தாம். மண் எடுக்கும் பள்ளத்தைக் கரையின் அடியிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி வெட்டுக. நெருக்கி வெட்டினால் கரை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சரியும். ஒரே மூச்சில் முழு உயரத்துக்கு எழுப்பாமல், ஓர் அடுக்கு போட்டுச் சில மாதங்கள் உலர்ந்து இறுக விட்டு, பிறகு அடுத்த அடுக்கைப் போடுவதே முறை. கடற்பக்கத்தில் பாக்காவ் காட்டை நூறு மீட்டர் அகலத்துக்காவது வெட்டாமல் விட வேண்டும். அலையின் வேகத்தை அந்த வேர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால், கல் பதித்தாலும் மண்கரை நீடிக்காது.

கடைசி இடைவெளியை அடைப்பதுதான் மிகக் கடினமான கட்டம். இருபுறமும் கரை நெருங்க நெருங்க, உள்ளே ஏறி இறங்கும் நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியே பாய்ந்து அடிமண்ணை அறுத்துச் செல்லும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு இருக்கிறது. ஆகவே நீர் மந்தமாக இருக்கும் அட்டமியை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுத்து, மண்மூட்டைகளையும் மரக்கம்பங்களையும் முன்கூட்டியே குவித்து வைத்து, வற்று முடியும் வேளையில் அடைத்துவிட வேண்டும்.

அடைத்த பின் நீரை வடிப்பதற்குத் தண்ணீர்க் கதவுகள் பயன்படும். கீல் மேற்புறத்தில் அமைந்த அந்தக் கதவு, வற்றின்போது உள்நீரின் அழுத்தத்தால் தானே திறந்து, ஏற்றத்தின்போது கடல்நீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். கதவின் விளிம்பில் ஒரு மரத்துண்டு சிக்கினாலும் உப்புநீர் உள்ளே புகும் என்பதால் நாள்தோறும் பார்வையிட ஆள் வேண்டும். கரையின் உட்புறச் சரிவில் எங்கேனும் நீர் கசிந்தால், அதைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிந்த நீராக இருந்தால் குறித்து வைத்துக் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் உள்மண் அரிபட்டு வருகிறது என்று பொருள். உடனே கசிவைச் சுற்றி மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் தேங்கி உயரும்படி செய்ய வேண்டும். அப்படித் தேங்கும் நீரின் எதிரழுத்தம் அரிப்பை அடக்கும். துளையை உட்புறத்திலிருந்து அடைக்க முயன்றால் நீர் வேறு வழி தேடிக்கொள்ளும்.

கானை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டக் கூடாது. பாக்காவ் சேற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகச் சேர்மம் உள்ளது. அது நீருக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறிப் பயிரையும் மீனையும் சிமெண்டையும் கெடுக்கும். கான்களில் தடுப்புப் பலகை வைத்து, நிலத்தடி நீரை அரை மீட்டர் ஆழத்தை ஒட்டியே நிறுத்தி வைப்பது இதனால்தான்.

தூர்த்து உயர்த்தும் முறை

முதலில் கணக்கு. ஒரு ஹெக்டர் கடலை 6 மீட்டர் உயர்த்த 60,000 கன மீட்டர் மண் வேண்டும். களிமண் அமுங்கி 1.5 மீட்டர் தாழும் என்றால் மேலும் 15,000 சேர்க்க வேண்டும். 12 கன மீட்டர் ஏற்றும் லோரியில் கொண்டுவந்தால் இது 6,250 நடை. தோட்டச் சாலைகள் இதைத் தாங்கமாட்டா என்பதால்தான் பெரிய பணிகளில் கடலடி மணலைத் தூர்வாரும் கப்பல் உறிஞ்சி வந்து குழாய் வழியே கொட்டுகிறது. சேறு கலவாத, நீர் எளிதில் வடியும் மணலையே ஏற்க வேண்டும்.

மணலுக்கு முன் விளிம்பு எழ வேண்டும். கருங்கல்லால் கரை அமைத்து, அதன் உட்புறத்தில், மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணியை விரித்த பின்பே உள்ளே கொட்டத் தொடங்க வேண்டும். துணி கிழிந்திருந்தால் கல்லிடுக்கு வழியே மணல் ஒழுகி, சில ஆண்டுகள் கழித்து மேலே திடீர்ப் பள்ளங்கள் தோன்றும். விளிம்பை முதலில் மூடுவதால் கலங்கல் கடலில் பரவுவதும் குறைகிறது.

கிள்ளான், பந்திங் கடலோரத்தின் களிமண் மிகவும் மென்மையானது. பல இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தடித்துக் கிடக்கிறது. அதன்மேல் ஒரே இடத்தில் மணலைக் குவித்தால், கால் வைத்த சேறு விரலிடுக்கில் பிதுங்குவதைப் போல, அடிச்சேறு பக்கவாட்டில் பிதுங்கி எழும். அப்படிப் பிதுங்கி மணலுக்குள் சிக்கிய சேற்றை மீண்டும் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே முதல் அடுக்குகள் அரை மீட்டருக்கு மிகாமல், பரவலாக, மெதுவாக விழ வேண்டும்.

அடுத்து வருவது நீரை வெளியேற்றும் பணி. களிமண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் இரட்டிப்பானால், ஆகும் காலம் நான்கு மடங்காகும். தடித்த களிமண்ணில் நீர் தானாக மேலேறி வர விட்டால் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே பிவிடி என்று குத்தகையாளர்கள் சொல்லும், உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை 1 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் களிமண்ணின் அடிவரை இறக்குகிறார்கள். நீர் பக்கவாட்டில் முக்கால் மீட்டர் அளவு நகர்ந்தாலே ஒரு பட்டையை அடைந்து மேலே வந்துவிடும். பிறகு, இறுதி மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குக் கூடுதல் மண்ணைக் குவித்துப் பாரம் ஏற்ற வேண்டும். பின்னாளில் வீடும் சாலையும் தரவிருக்கும் பாரத்தை இப்போதே தந்து, தாழ வேண்டியதைத் தாழவிடுவதே இதன் நோக்கம்.

எப்போது அந்த மண்ணை அகற்றலாம் என்பதைத் தாழ்வுத் தட்டு சொல்லும். மணலுக்கடியில் புதைத்த இரும்புத் தட்டிலிருந்து மேலே நீளும் கம்பியின் உச்சியை வாரந்தோறும் அளந்து எழுதி வர வேண்டும். அந்த அளவுகளை வரைபடமாக்கினால், முதலில் செங்குத்தாக இறங்கும் கோடு, மாதங்கள் செல்லச் செல்லப் படுத்துக்கொள்ளும். எதிர்பார்த்த தாழ்வில் 90 விழுக்காடு முடிந்தது என்று கணக்குக் காட்டும்வரை பொறுக்க வேண்டும். வீடு விற்கும் அவசரத்தில் இந்த மாதங்களைத் திருடுவதுதான், இத்தொழிலில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். பட்டைகள் எட்டாத ஆழத்திலும் களிமண் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் சாட்சி. 1994இல் திறக்கப்பட்ட அந்தத் தீவு, கட்டத் தொடங்கியதிலிருந்து 10 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்து உயர்த்திச் சமன்செய்கிறார்கள்.

மணலையும் தனியே இறுக்க வேண்டும். 1995 ஜனவரியில் கோபே நகரில் நிலம் அதிர்ந்தபோது, தளர்வாக நிரப்பப்பட்ட செயற்கைத் தீவின் மண் நீரோடு கலந்து குழம்பாகியது; அதே தீவில் முன்னரே இறுக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

இறுதி மட்டத்தை வகுக்கும்போது மிக உயர்ந்த ஏற்றத்தோடு புயலெழுச்சி, அலையின் உயரம், வரும் பத்தாண்டுகளின் கடல்மட்ட உயர்வு, எஞ்சிய தாழ்வு ஆகிய நான்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீடு கட்டும்போதும் வாங்கும்போதும்

இந்த வட்டாரத்து வீடமைப்புப் பகுதிகளில், வாசல் போர்ச்சுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே விரல் நுழையும் பிளவைப் பலர் கண்டிருப்பார்கள். வீடு ஆழத்தில் ஊன்றிய தூண்களின்மேல் நிற்க, போர்ச் மட்டும் நிரப்பிய மண்ணோடு தாழ்வதே அதற்குக் காரணம். தூர்த்த நிலத்தில் இது இன்னும் கடுமையாக நேரும். ஆகவே போர்ச்சையும் கழிவுநீர்த் தொட்டியையும் தனித் தூண்களில் தாங்க வேண்டும், அல்லது வீட்டோடு பிணைக்காமல் தனியாகக் கட்ட வேண்டும். வீட்டுக்குள் நுழையும் நீர்க்குழாய்க்கு வளைந்து கொடுக்கும் இணைப்பைப் பொருத்த வேண்டும். அத்தகைய நிலத்தில் வீடு வாங்குவோர், விளம்பரப் படத்தைப் பார்ப்பதற்கு முன், தம் மனைக்கு மிக அருகிலிருந்த தாழ்வுத் தட்டின் அளவுகளையும், கூடுதல் மண் அகற்றப்பட்ட தேதியையும், களிமண்ணின் ஆழத்தைக் காட்டும் துளையிடல் பதிவையும் மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, தெரிந்த ஒரு சிவில் பொறியாளரிடம் காட்டிவிட்டுப் பின்னரே முன்பணம் செலுத்த வேண்டும்.