வெள்ளக் காலத்தில் நண்பர்களின் நலம் அறிய

ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் பெருமழையோ காட்டுத்தீயோ வந்தால் முதலில் போவது பெரும்பாலும் கரண்ட்தான். அதோடு வீட்டு இணையமும் போய்விடும். செல்போன் டவர் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கினாலே பெரிது. 2022 பிப்ரவரி 28 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் லிஸ்மோர் நகரில் வில்சன்ஸ் ஆறு 14.4 மீட்டர் மட்டத்துக்கு உயர்ந்தபோது பலர் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு விசாரிப்பது நடக்கிற காரியமில்லை.

அதனால் சிட்னியிலோ மெல்போர்னிலோ இருக்கும் ஒரு பொதுவான நண்பரை இப்போதே பேசி வையுங்கள். எல்லோரும் அவருக்கு மட்டும் எஸ்எம்எஸ் அனுப்பட்டும்: "நாலு பேரும் நலம். பாலம் மூழ்கிவிட்டது. மாடுகள் மேட்டில்." மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார். அழைப்பு கிடைக்காத சிக்னலிலும் எஸ்எம்எஸ் பல சமயம் போய்ச் சேரும், சார்ஜும் மிச்சம்.

அப்புறம், பண்ணை வண்டியில் இருக்கும் யூஎச்எஃப் ரேடியோ, அதாவது டவர் இல்லாமலே அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்ளும் வாக்கிடாக்கி மாதிரியானது. அக்கம்பக்கத்தாரோடு ஒரு சேனலும் நேரமும் முடிவு செய்யுங்கள், காலை ஏழு, மாலை ஏழு என்று. 5ஆம் சேனல் அவசரத்துக்கானது, அதில் அரட்டை வேண்டாம்.

பதில் வரவில்லையென்று வெள்ளத்தில் காரை இறக்கிவிடாதீர்கள். வெள்ளம், புயலில் உதவும் மாநில அவசர சேவையான எஸ்இஎஸ் எண் 132 500. உயிருக்கு ஆபத்தென்றால் 000.