மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பிபிசி ரேடியோ 4-ஐ ஒரு நாள் முழுவதும் கேட்பது எப்படி?

என் மகன், மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட்டின் கேட்டல் பகுதிக்கு ஆயத்தமானபோது, செய்தியை மட்டும் கேட்டுப் பழகினால் செய்தி ஆங்கிலம் மட்டும்தான் பிடிபடும் என்று அவனுடைய ஆசிரியை எச்சரித்திருந்தார். அதனால் பேச்சையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒரு வானொலியைத் தேடினோம். 1967 செப்டம்பர் 30 அன்று, அதற்கு முன்பிருந்த 'ஹோம் சர்வீஸ்' நிலையத்தின் இடத்தில் தொடங்கப்பட்ட பிபிசி ரேடியோ 4 அப்படிப்பட்டது. பாட்டு ஏறக்குறைய இல்லை. செய்தி, நாடகம், நகைச்சுவை, வரலாற்று உரையாடல், கப்பல்களுக்கான வானிலை என்று ஒரே நாளில் பேச்சின் எல்லா வகைகளும் வந்து போகும். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதம் உங்களுக்குப் பிடிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி, வழியைப் பிடிப்பது. பழைய குறிப்புகள் பலவும் 'பிபிசி சவுண்ட்ஸ்' செயலியைப் பதிவிறக்கச் சொல்லும். அதை நம்ப வேண்டாம், 2025 ஜூலை 21 முதல் அது பிரிட்டனுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இல்லை. இப்போது பிபிசியின் பொதுச் செயலியிலோ, பிபிசி டாட் காம் தளத்திலோ ஒலிப் பகுதிக்குள் சென்றால் ரேடியோ 4-இன் நேரலை கிடைக்கும். நூற்றுக்கணக்கான நிலையங்களை ஒரே இடத்தில் தருகிற வேறு செயலிகளும் உண்டு என்றாலும், நிலையம் தொடங்குமுன் விளம்பரம் ஓட்டுகிற அவற்றை நான் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். காதொலிப்பானில் கம்பியுள்ளதே நல்லது. கம்பியில்லாதது நாடகத்தின் நடுவில் உயிரை விடும்.

தரவைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். ஒலி 96 கிலோபிட் வேகத்தில் வருவதாகக் கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 43 மெகாபைட், நாள் முழுவதும் ஓடினால் ஒரு கிகாபைட்டைச் சற்றே தாண்டும். செம்பனை நிரைகளுக்கு நடுவில் இணைப்பு அறுந்து போவதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. அதற்கு மருந்து, வீட்டு வைஃபையில் இருக்கும்போதே வேண்டிய நிகழ்ச்சிகளைப் பதிவிறக்கிக்கொள்வது.

இரண்டாவது படி நேரக் கணக்கு, நான் கவிழ்ந்த இடம். நிலையம் அறிவிக்கிற நேரமெல்லாம் லண்டன் நேரம். செப்டம்பரில் நான் அதனோடு 7 கூட்டி, பெண்களுக்கான 'வுமன்ஸ் அவர்' அங்கே காலை 10, நமக்கு மாலை 5 என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் அழகாக எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தேன். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடியது. நிலையம் நிரலை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். இணையச் சேவையையும் திட்டித் தீர்த்தேன். புதன்கிழமை, எங்கள் வீட்டுக் கடிகாரம் 6 காட்டும்போது அறிவிப்பாளர் 'பத்து மணி' என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள்; நாம் ஆண்டு முழுவதும் அசைவதில்லை. ஆகவே கோடையில் 7 கூட்ட வேண்டும், குளிர்காலத்தில் 8. 2026-இல் இந்த மாற்றம் மார்ச் 29 அன்றும் அக்டோபர் 25 அன்றும் வருகிறது.

வெட்கப்பட வேண்டிய செய்தி என்னவென்றால், இந்தக் குழப்பத்துக்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேரே நள்ளிரவுக்குத் தாவின. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக அரை மணி நேரம் முன்னே போனோம். அப்போது தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த என் அப்பா, அதன்பின் வெகு நாட்களுக்கு யார் எந்த மணியைச் சொன்னாலும் 'புது நேரமா, பழைய நேரமா?' என்று கேட்காமல் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, கிளம்பியதில்லை.

ஆகவே உங்கள் பட்டியலை மலேசிய நேரத்தில் எழுதாதீர்கள். லண்டன் நேரத்திலேயே எழுதி, கைப்பேசிக் கடிகாரத்தின் உலக நேரப் பகுதியில் லண்டனைச் சேர்த்துக்கொண்டால், மாற்றத்தைக் கைப்பேசியே பார்த்துக்கொள்ளும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: அங்கே மாலை 5-க்குப் பிறகு வருவதெல்லாம் நமக்கு மறுநாள். வெள்ளி மாலை 6:30 நகைச்சுவை நமக்குச் சனிக்கிழமை பின்னிரவு.

மூன்றாவது படி, கேட்பது. கீழே உள்ளவை கோடைக் கணக்கு. குளிர்காலத்தில் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். தொடக்கநிலையினர் செய்தியில் அன்றி, காலை 7:48-க்கு, அதாவது லண்டனின் 00:48-க்கு வருகிற 'ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்' என்னும் கடல் வானிலையில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொற்கள் மிகக் குறைவு, பொருள் வரையறுக்கப்பட்டது, வேகம் நிதானம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, பியூஃபோர்ட் அளவில் அதன் வலிமை, மழை, பார்வைத் தெளிவு என்று மாறாத வரிசையில் வாசிப்பார்கள். 'இமினென்ட்' என்றால் 6 மணி நேரத்துக்குள், 'சூன்' என்றால் 6 முதல் 12 மணி நேரத்தில், 'லேட்டர்' என்றால் அதற்கும் பிறகு, 24 மணி நேரத்துக்குள். 'குட்' என்றால் 5 கடல் மைலுக்கு மேல் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். பசியாறிக்கொண்டே இரண்டு வாரம் கேட்ட என் மகன், மூன்றாம் வாரத்தில் ஒரு சொல்லும் தவறாமல் எழுதிக்கொண்டான்.

8 மணிக்கு மேல் பிபிசி உலக சேவை ஓடும்; அதை விட்டுவிடலாம். பிற்பகல் 1 முதல் 4 வரை 'டுடே', 1957 முதல் வருகிற காலைச் செய்தி நிகழ்ச்சி; அமைச்சரும் நெறியாளரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதால் புதியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம், அரை மணி நேரம் போதும். வியாழன் மாலை 4-க்கு 'இன் அவர் டைம்'. 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்திய இந்த நிகழ்ச்சியில், ஒரே பொருளைப் பற்றி மூன்று அறிஞர்கள் பேசுவார்கள்; பழைய பகுதிகள் சேமிப்பில் கிடைப்பதால் நேரலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு 9 மணிக்கு 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகத்தின் மறு ஒலிபரப்பு. 1951 ஜனவரி 1 முதல் தேசிய அளவில் வருகிற, ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரின் கதை இது. மாடும் மழையும் பக்கத்து வீட்டுப் பேச்சுமாகப் போவதால், தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த எவருக்கும் பத்து நாளில் யார் யார் என்று பிடிபட்டுவிடும். புதிய பகுதி நமக்குப் பின்னிரவு 2 மணிக்கு வருவதால், மறு ஒலிபரப்பே உகந்தது.

நகைச்சுவையைப் பதிவிறக்கித்தான் கேட்க வேண்டியிருக்கும். 1967-இல் தொடங்கிய 'ஜஸ்ட் எ மினிட்' எங்கள் வீட்டுக்குப் பிடித்தது: கொடுத்த தலைப்பில் தயங்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தடம் விலகாமல் ஒரு நிமிடம் பேச வேண்டும். நம் பட்டிமன்றப் பேச்சாளர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்கு ஐயம் உண்டு.

பிற்சேர்க்கை: மணி தொடங்கும்போது வரும் ஆறு 'பிப்' ஒலிகள் கைப்பேசிக் கடிகாரத்தைவிடப் பிந்தி ஒலிப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கும் அந்தக் குறியீடு துல்லியமானதுதான். நீண்டு ஒலிக்கும் கடைசி 'பிப்' தொடங்கும் கணமே மணி. இணையத்தில் ஒலி பொதியாகி வந்து சேரத் தாமதமாவதால், அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். அப்பாவின் பழைய சிற்றலைப் பெட்டியில் கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவர் நினைவில் இருப்பது தமிழோசை, அதன் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றுவிட்டது. ரேடியோ 4-க்கு இங்கே இணையம்தான் வழி.

இரவு முழுவதும் விழித்திருக்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கு ஒன்று: லண்டனில் படுக்கப் போகிறவர்களுக்காக 10:45-க்கு வாசிக்கப்படும் கதை நமக்கு விடிகாலை 5:45-க்கு வரும். அதன் பிறகு 7 மணிக்குப் பிக் பென் லண்டனின் நள்ளிரவை அடிக்கும். குளித்துவிட்டு வந்தால் கடல் வானிலைக்குச் சரியாக இருக்கும்.