கதைக்குக் கொடுக்கும் விலை: பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்களை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்களைச் சேகரிப்பவரின் பணத்தைத் தின்பதில் துருவுக்கே முதலிடம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அந்த இடம் காரோடு சேர்த்து விற்கப்படும் கதைக்கு உரியது. துருவைக் கண்ணால் பார்த்துவிடலாம். "இதுதான் கடைசிக் கார்", "இதுபோல் இன்னொன்று கிடைக்காது" என்னும் பேச்சைச் சரிபார்க்கப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும், அதற்குப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

1976-ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோ இதற்கு நல்ல சான்று. விற்பனை குறைந்ததாலும், வண்டி கவிழ்ந்தால் பயணிகளைக் காக்கும் கடுமையான விதிகள் வரக்கூடும் என்ற அச்சத்தாலும், அமெரிக்க நிறுவனங்கள் 1970-களில் கன்வர்ட்டிபிள் எனப்படும் துணிக்கூரைக் கார்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. எஞ்சி நின்ற எல்டொராடோவே அமெரிக்காவின் கடைசி கன்வர்ட்டிபிள் என்று விளம்பரமாயிற்று. சுமார் 11,000 டாலர் விலையிட்ட அந்தக் காரைப் பலர் கூடுதல் தொகை கொடுத்து வாங்கி, ஓட்டாமல் உறை போட்டு நிறுத்திவைத்தார்கள். ஆனால் முந்தைய ஆண்டில் 9,000-க்கும் குறைவாக உருவான அந்த வகை, 1976-இல் மட்டும் 14,000 என்ற எண்ணிக்கையில் வெளிவந்தது. பதினான்காயிரம் பேர் பத்திரப்படுத்தும் ஒரு பொருள் எப்படி அரியதாகும் என்று அன்று கேட்டவர்கள் மிகச் சிலரே. 1982-இல் கிரைஸ்லர் மீண்டும் துணிக்கூரைக் காரை விற்கத் தொடங்கியது; 1984-இல் கேடிலாக்கும் அவ்வழியே வந்தது. ஏமாந்த உரிமையாளர்கள் வழக்குக்கூடத் தொடுத்தார்கள். ஓட்டி மகிழ விரும்புவோருக்கு அது இன்றும் அருமையான வண்டிதான். முதலீடு என்று சொல்லி யாராவது அதை விற்க வந்தால் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. பேக்கார்ட் என்ற பெயருக்குப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்களும் செல்வந்தர் வீட்டு வாசல்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சமாளிக்க அந்த நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த 120 வரிசை, ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான விலையிலிருந்தே கிடைத்தது. நல்ல கார், நிறுவனத்தையே காப்பாற்றிய கார். எனினும் அதே காலத்தின் பன்னிரண்டு சிலிண்டர் காரான பேக்கார்ட் டுவெல்வுக்கு இணையான மதிப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. 1954-இல் பேக்கார்டும் ஸ்டூடிபேக்கர் என்ற கார் நிறுவனமும் இணைந்தன. டெட்ராய்ட் நகரத் தயாரிப்பு 1956-இல் நின்றது. அதன்பின் 1958 வரை வந்தவை, இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூடிபேக்கர் உடலின்மேல் பேக்கார்ட் பெயரைப் பொறித்து விற்கப்பட்டவை. இதை அறியாமல் முகப்பு எழுத்தை மட்டும் பார்த்து விலை பேசியவர்கள் உண்டு.

மறுபக்கம், பெயரையே தவறாக எழுதி விற்பனைக்கு வரும் கார்களும் இருக்கின்றன. 1956, 1957 ஆண்டுகளின் கான்டினென்டல் மார்க் 2-வை, ஃபோர்டின் சொகுசுப் பிரிவான லிங்கனின் பெயரால் லிங்கன் என்றே பெரும்பாலோர் அழைக்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் அதைக் கான்டினென்டல் என்ற தனிப் பிரிவின் காராகவே, ஏறத்தாழ 10,000 டாலர் விலையில், வெளியிட்டது. அதுபோல 1955 முதல் 1975 வரை கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் தனி வணிகப்பெயர். அதற்கு முன்னர் வந்தவை கிரைஸ்லர் இம்பீரியல். விற்பவர் இந்த வேறுபாட்டையே அறியாதவர் என்றால், காரைப் பற்றி அவர் சொல்லும் மற்றவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

"கிளாசிக்" என்ற சொல்லையும் அளந்தே கேட்க வேண்டும். 1952-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க கிளாசிக் கார் கழகம், 1915 முதல் 1948 வரை வந்த கார்களில் தேர்ந்தெடுத்த சிலவற்றையே "ஃபுல் கிளாசிக்" என ஏற்கிறது. வானளாவிய வால்துடுப்புகளோடு வந்த 1959-ஆம் ஆண்டுக் கேடிலாக், எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும், அந்தப் பட்டியலில் இடம்பெறாது.

பெருந்தொகை கைமாறும் இடத்தில் நேரும் தவறு, காரின் உடலும் அதைத் தாங்கும் சட்டகமும் (சேசிஸ்) பிறந்தது முதல் ஒன்றாகவே இருந்தன என்று நம்பிவிடுவது. 1928 டிசம்பரில் அறிமுகமான டூசன்பெர்க் ஜே மாடலின் எஞ்சின் 265 குதிரைத்திறன் கொண்டதாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 480 கார்களே உருவாயின. நிறுவனம் விற்றது எஞ்சின் பொருத்திய சட்டகத்தை. முதலில் 8,500 டாலர் கொடுத்து அதை வாங்கியவர், மர்ஃபி, லெபரான், ரோல்ஸ்டன் போன்ற உடல்கட்டும் பட்டறைகளில் தம் விருப்பப்படி உடலைக் கட்டிக்கொண்டார். பின்னாளில் இக்கார்கள் பழைய இரும்பைப்போல் மலிவாகக் கிடைத்த காலத்தில், கனத்த மூடிய உடலைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த உடலை ஏற்றியவர்கள் பலர். இன்றும் திறந்த உடலுக்கே விலை அதிகம் என்பதால் இந்த ஆசை முழுமையாக ஓயவில்லை. ஆகவே எஞ்சின் எண், சட்டக எண், எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே நிற்கும் தீத்தடுப்புச் சுவரிலுள்ள தகட்டின் எண், உடலைக் கட்டிய பட்டறையின் அடையாளம் ஆகிய நான்கையும் தனித்தனியே பார்த்து, இவ்வகைக் கார்களின் ஆர்வலர் அமைப்பான ஆபர்ன்–கார்டு–டூசன்பெர்க் கழகத்தின் சான்றோடு ஒப்பிடாமல் முன்பணம் தரக் கூடாது. மற்றக் கார்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 17 இலக்க அடையாள எண் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயமாயிற்று; அதற்கு முந்தைய பல கார்களின் உரிமைப் பத்திரம் எஞ்சின் எண்ணைக் கொண்டே எழுதப்பட்டது. எஞ்சினை யாரோ ஒருவர் மாற்றியிருந்தால், பத்திரம் ஒரு காருடையது, கையிலுள்ள வண்டி வேறொன்று என்றாகிவிடும்.

பட்டறைச் செலவைக் குறைத்து எடைபோடுவோர் முதலில் கவனிக்க வேண்டியவை மரமும் துத்தநாக வார்ப்பும். 1930-களின் நடுப்பகுதி வரை பல சொகுசுக் கார்களின் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருந்தது. கதவைப் பாதி திறந்து, அதன் வெளி ஓரத்தை இரு கைகளாலும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம். கீல் நிற்கும் தூணும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது, செலவு பல மடங்காகும். குரோம் பூச்சின் மேல் அம்மைத் தழும்புபோல் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அடியிலுள்ள துத்தநாக வார்ப்பு அரித்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு குழியையும் சுரண்டி, செம்பால் நிரப்பி, தேய்த்து, மீண்டும் பூச வேண்டியிருப்பதால் "குரோம் மட்டும்தான் பாக்கி" என்ற விளம்பர வரி என்னைப் பொறுத்தவரை விற்பவரின் நகைச்சுவை.

இதற்கு நேர்மாறாக, எதையும் தொடாமல் விட வேண்டிய காரைப் புதிதாக்கிவிடும் தவறும் உண்டு. அசல் வண்ணமும் அசல் இருக்கைத் துணியும் ஓரளவு நல்ல நிலையில் இருந்தால், நிறம் மங்கியது என்பதற்காக அவற்றை உரித்தெடுக்க வேண்டாம். அசல் நிலையில் நிற்கும் கார்களுக்கு கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற பழங்கார்க் கண்காட்சியான பெபிள் பீச்சிலேயே தனிப் பிரிவு இருக்கிறது.

காணாமற்போன சிறு பொருள்களும் பெருஞ்செலவு வைக்கும். 1957, 1958 ஆண்டுகளில் மொத்தம் 704 மட்டுமே வந்த கேடிலாக் எல்டொராடோ புரோமில், கூரை துருப்பிடிக்காத எஃகால் ஆனது. முன்னிருக்கைக்கு எதிரிலுள்ள சிறு பெட்டியில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் சிறு குவளைகள் இருந்தன. வாசனைத் திரவியக் குப்பியும் வந்தது. காரை வாங்கிய பிறகு அக்குவளைகளைத் தேடி அலைபவரின் நிலை இரங்கத்தக்கது. அக்காரின் காற்றுச் சஸ்பென்ஷன் இரவோடு இரவாகக் கசிந்து வண்டியைத் தரையோடு படுக்கவைக்கும் என்பதால், பலர் அதை எடுத்துவிட்டுச் சுருள்வில் பொருத்தினார்கள். ஓட்டுவதற்கு அது வசதி. அசல் காருக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. 1961 முதல் 1967 வரையிலான லிங்கன் கான்டினென்டலின் நான்கு கதவுத் துணிக்கூரை வண்டியில், ரிலேக்கள், மோட்டார்கள், எண்ணெய் அழுத்தக் குழாய்கள் எல்லாம் வரிசை தவறாமல் இயங்கினால்தான் கூரை பின்பெட்டிக்குள் மடங்கும். விற்பவர் முன்னிலையிலேயே அதை மூன்று முறை முழுமையாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். "ஃபியூஸ் மட்டும் போயிருக்கிறது" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

மின்சாரத்தில் நேரும் பிழை சிறியது, ஆனால் அடிக்கடி காணப்படுவது. கேடிலாக் 1953-இலும் பேக்கார்ட் 1955-இலும்தான் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தைய 6 வோல்ட் அமைப்பில் அதே திறனுக்கு இருமடங்கு மின்னோட்டம் பாய வேண்டும். இன்றைய கடையில் கிடைக்கும் மெல்லிய பாட்டரி கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே நிற்கும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போட்டவர்களும் உண்டு. தடித்த கேபிளே தீர்வு. பேக்கார்டின் 6 வோல்ட் வண்டிகளில் வண்டியின் உலோகத்தோடு இணைவது (எர்த்) பாட்டரியின் நேர்முனை என்பதையும் பாட்டரியை மாட்டும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதியாக, நாடாவை எடுத்துக் கொட்டகையை அளந்துகொள்ளுங்கள். 1959 கேடிலாக் 225 அங்குலம், அதாவது பதினெட்டே முக்கால் அடி நீளம். 1958 லிங்கன் 19 அடியையும் தாண்டும். இருபது அடிக் கொட்டகையில் வண்டி நுழைந்துவிடும். பின்பெட்டியைத் திறந்து நிற்க இடம் இருக்காது.