மஞ்சள் கணக்கை எக்செலில் வரிசைப்படுத்தும்போது

ஈரோட்டு மண்டிக்குப் போன மஞ்சள் கணக்கை எக்செலில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெயர், ரகம், மூட்டை, விலை என நான்கு பத்தி இருக்கிறது, விலைவாரியாகப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் (Sort, அதாவது வரிசைப்படுத்தல்) கொடுத்தால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். அதில் 'எக்ஸ்பேண்ட் த செலக்‌ஷன்' என்பதே தேர்வாகியிருக்கும், அதை மாற்றாமல் அப்படியே விடுங்கள். மாற்றினால் ஒருவர் விலை இன்னொருவர் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பஞ்சாயத்துதான்.

1, 10, 100, 2 என்று வரிசை வந்தால், அந்த எண்களை எக்செல் எழுத்தாக நினைக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் பச்சை முக்கோணமும் இருக்கும். பத்தியைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய் நேராக 'ஃபினிஷ்' அழுத்துங்கள், எண்ணாகிவிடும். '12,450 ரூ' என்று அடித்திருந்தால் இது வேலைக்காகாது. முதலில் ஃபைண்டு-ரீப்ளேசில் அந்த 'ரூ'வை எடுத்துவிட வேண்டும்.

பெயரில் இனிஷியல் முன்னால் இருந்தால் அகரவரிசையும் குழம்பும். 'ஆர். சென்னியப்பன்' என்பவர் 'ஆ'வில் போய் நிற்பார். இனிஷியலுக்குத் தனிப் பத்தி போடுவதே நல்லது.

விரலி மஞ்சள் தனியாக, கிழங்கு மஞ்சள் தனியாக, ஒவ்வொன்றிலும் அதிக விலை மேலே வர வேண்டுமா? சார்ட் பெட்டியில் முதலில் ரகம், அப்புறம் 'ஆட் லெவல்' கொடுத்து விலையை 'லார்ஜஸ்ட் டு ஸ்மாலஸ்ட்' வையுங்கள்.

சார்ட் செய்யும் முன்பே ஒரு வரிசை எண் பத்தி போட்டு வைத்தால், எப்போது வேண்டுமானாலும் பழைய வரிசைக்குத் திரும்பலாம்.