உகாண்டாவுக்கு தையல் சொல்லிக்குடுக்க வாலண்டியரா போறீங்களா, பொட்டி கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

போன மாசம் மட்டும் மூணு பேரு கேட்டுட்டாங்க, அக்கா நீங்க உகாண்டா போய் லேடீஸுக்கு தையல் சொல்லிக்குடுத்தீங்களே, நானும் போலாம்னு இருக்கேன், என்னென்ன எடுத்துட்டு போகணும்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிருச்சு, அதான் மொத்தமா எழுதிடுறேன். நான் இருந்தது முகோனோ பக்கம், கம்பாலாவுலருந்து ஜின்ஜா ரோட்டுல கிழக்கால போனா வரும். சின்ன சென்டர், பன்னெண்டு மிதி மெஷின், இருபது சொச்சம் பொண்ணுங்க, ரெண்டு மாசம்.

எல்லாரும் பொட்டிலதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, அங்க என்ன தச்சா விக்கும்? நான் கேக்காம போயி மாட்டுனேன். பிளவுஸ் கட்டிங் நோட்டு ரெண்டு, பிரின்சஸ் கட், போட் நெக் எல்லாம் பிரவுன் பேப்பர்ல வெட்டி எடுத்துட்டு போயிருந்தேன், அங்க யாரு பிளவுஸ் போடுறா! சரி சாதா சட்டை, பேன்ட் சொல்லிக்குடுப்போம்னா அதுவும் ஓடாது, ஏன்னா வெளிநாட்டுலருந்து பேல் பேலா பழைய துணி வந்து இறங்குது, மிவும்பான்னு சொல்லுவாங்க, கம்பாலா ஓவினோ மார்க்கெட்ல மலை மாதிரி குமிச்சு வச்சு விக்கிறாங்க, அந்த விலைக்கு நாம துணியே வாங்க முடியாது.

அப்போ எது விக்கும்னா ஸ்கூல் யூனிபார்ம். அங்க பள்ளிக்கூட வருஷம் பிப்ரவரில ஆரம்பிக்குது, ஜனவரி பூரா டெய்லருங்களுக்கு நம்ம தீபாவளி சீசன் மாதிரி, அதனால நீங்க போறதா இருந்தா அக்டோபர் நவம்பர்ல போயி யூனிபார்ம் கட்டிங் கையில பழக்கிவிட்டு வந்தீங்கன்னா ஜனவரில அவங்க கையில காசு பொழங்கும். அப்புறம் கிடெங்கே துணி, பெரிய பெரிய டிசைன் போட்ட காட்டன், அதுல கவுன், பை. பழைய துணிய அளவுக்கு பிடிச்சுக்குடுக்குற ஆல்டரேஷனும் நல்லா ஓடும். அப்புறம் கோமேசி, அங்க லேடீஸ் போடுற நீள கவுன். சதுர கழுத்து, தோள்ல ரெண்டு பக்கமும் கூம்பு மாதிரி தூக்கி நிக்கும், இடுப்புல பெரிய துணிப் பட்டி, கல்யாணம் காட்சின்னா பெரியவங்க அததான் கட்டுவாங்க, ஒண்ணுக்கு ஆறு மீட்டர் வரைக்கும் துணி போகும். ஒரு விஷயம் தெரியுமா, அந்த பேரே அங்க கடை வச்சிருந்த கோமஸ்ங்கிற கோவாக்கார டெய்லர் பேருலருந்து வந்ததுதான். ஆனா அத நாம சொல்லிக்குடுக்க கிளம்பக்கூடாது, அவங்ககிட்ட நாமதான் கத்துக்கணும், நான் கத்துக்கிட்டேன், இன்னும் தோள் சரியா நிக்கல.

சென்டர் பாக்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. உள்ளூர் டீச்சர் இருக்காங்களா? நான் போனப்புறம் யாரு கிளாஸ் எடுப்பா? ஆள் இல்லன்னு சொன்னா யோசிங்க, நீங்க எட்டு வாரத்துல முடிச்சுட்டு பிளைட் ஏறிருவீங்க, மெஷின்ல தூசிதான் படியும். எங்க சென்டர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க, அவங்களுக்கு தையல் தெரியும், அளவு வச்சு பேப்பர்ல டிராஃப்ட் வரையவும் மெஷின் ரிப்பேரும் தெரியாது. நான் பாதி நேரம் அவங்களுக்குதான் சொல்லிக்குடுத்தேன், அதுதான் உருப்படியான வேலை. தங்குறது சாப்பாடுன்னு காசு கேட்டா தப்பில்ல, ஆனா அந்த காசுல எவ்வளவு சென்டருக்கு போகுதுன்னு கேளுங்க, மழுப்புனா விட்டுருங்க.

பேப்பர் வேலைக்கு வருவோம். முதல்ல மஞ்சக் காய்ச்சல் ஊசி, மஞ்சள் காமாலை இல்ல, இது வேற. இது இல்லாம உகாண்டா உள்ள போக முடியாது, ஆன்லைன்ல விசா போடும்போதே அந்த சர்டிபிகேட்ட அப்லோட் பண்ண சொல்லும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, பாஸ்போர்ட் கண்டிப்பா வேணும், நாள் நேரம் முன்னாடியே கேட்டுட்டு போங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க. ஒருதடவ போட்டா ஆயுசுக்கும் போதும். முட்டை அலர்ஜி உள்ளவங்க, மாசமா இருக்கவங்க, அறுபது தாண்டுனவங்க டாக்டர்கிட்ட பேசிட்டுதான் போடணும். மலேரியா மாத்திரையும் அப்பவே கேட்டு வாங்கிருங்க, சிலது கிளம்புறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், வந்தப்புறமும் நிறுத்தக்கூடாது. விசாவுல டூரிஸ்ட்டுன்னு போட்டுட்டு போயிறலாம்னு யாராவது சொன்னா தலையாட்டாதீங்க, வாலண்டியருக்கு எந்த வகை எடுக்கணும்னு சென்டர்லருந்து எழுத்துல வாங்குங்க.

இப்ப பொட்டி. மெஷின் தூக்கிட்டு போகாதீங்க, அங்கயே மிதி மெஷின் கிடைக்குது, கரண்ட் போனாலும் ஓடும். சின்ன சாமான்தான் அங்க தட்டுப்பாடு. பாபின், பாபின் கேஸ், தையல் பிரிக்கிற ஊசி, இஞ்ச் டேப் ஒரு பக்கம் இஞ்ச் ஒரு பக்கம் சென்டிமீட்டர் இருக்குறது, சாக்பீஸ், நல்ல கத்தரி ரெண்டு. ஊசில நான் பண்ண கூத்த கேளுங்க, திருப்பூர்ல ஒரு அண்ணன் பாக்ஸ் பாக்ஸா சும்மா குடுத்தாரேன்னு வாங்கிட்டு போயிட்டேன். அங்க போயி மாட்டுனா நிக்கவே இல்ல. என்னடான்னு பாத்தா அது பவர் மெஷின் ஊசி, காம்பு முழு உருண்டையா இருக்கும், வீட்டு மிதி மெஷினுக்கு காம்புல ஒரு பக்கம் தட்டையா இருக்கணும். அவ்வளவும் வீண். கடைல கேக்கும்போது மிதி மெஷினுக்குன்னு சொல்லி 14ம் நம்பர், 16ம் நம்பர் வாங்கிக்கோங்க. ஊசி கத்தரி எல்லாம் செக்கின் பொட்டில, கைப்பைல வச்சா செக்கிங்ல பிடுங்கிருவாங்க. மெஷின் ஆயில் வேண்டாம், அங்கயே வாங்கிக்கலாம், ஒழுகுனா மொத்த துணியும் போச்சு.

நமக்கு துணின்னா முட்டிய மறைக்கிற மாதிரி எதுன்னாலும் சரி, சுடிதார் தாராளமா போடலாம். ஆனா மிலிட்டரி டிசைன், அந்த பச்சை திட்டு திட்டா இருக்கும்ல, அந்த பேன்ட் பை தொப்பி எதுவும் கூடாது, அங்க அது சட்டப்படி தப்பு. ஆப்பிரிக்கான்னா வெயில் கொளுத்தும்னு நினைச்சுட்டு போவோம், கம்பாலா கடல் மட்டத்துலருந்து 1,200 மீட்டர் கிட்ட இருக்கு, ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் போடுங்க. குடை, கொசுவலை, ஓடோமாஸ். பிளக்கு நம்ம உருண்டை பின் இல்ல, சதுரமா மூணு பின்னு, அடாப்டர் போதும், வோல்டேஜ் ஒண்ணுதான். டாலர் எடுத்துட்டு போனா புது நோட்டா கசங்காததா பாருங்க, பழச கடைல வாங்க மாட்டேங்கிறாங்க, சின்ன நோட்டுக்கு ரேட்டும் கம்மி. நம்ம ஊர் சிம்ம ரோமிங் போட்டு வைங்க, இல்லனா பேங்க் ஓடிபி வராம நடு ரோட்டுல நிப்பீங்க. சாப்பாடு மடோகே, வாழக்காய வேகவச்சு மசிச்சது, போஷோ, அதான் மக்காச்சோள மாவுக் களி, பீன்ஸ், நல்லா இருக்கும், ஆனா பத்து நாள்ல காரத்துக்கு நாக்கு ஏங்கும், பருப்புப்பொடி ஒரு பாக்கெட்.

கிளாஸ் நேரத்துல ஒரு குழப்பம் வரும். நாலு மணிக்கு வர்றோம்னு சொன்னாங்க, சாயங்காலம்னு நினைச்சு நான் துணி தொவச்சுட்டு இருக்கேன், காலைல பத்து மணிக்கே வாசல்ல நிக்கிறாங்க. லுகாண்டா, அதான் அவங்க பேசுற பாஷை, அதுல மணிய சூரியன் உதிக்கிறதுலருந்து எண்ணுவாங்க, ஏழு மணிதான் அவங்களுக்கு ஒண்ணு, நம்ம தாத்தா பாட்டி நாழிகை கணக்கு மாதிரி. பத்துக்கு முன்னாடி கிளாஸ் வைக்காதீங்க, காலைல காட்டு வேலை முடிச்சுட்டுதான் வருவாங்க, முதுகுல புள்ளையும் இருக்கும். முதல் நாள் ஒரு பொண்ணு மண்டி போட்டு வணக்கம் சொல்லுச்சு, நான் பதறி தூக்கப் போயிட்டேன், டீச்சரம்மா கண்ணக் காட்டுனாங்க. அது அவங்க மரியாதை, நீங்க நிதானமா நின்னு பதில் சொன்னா போதும்.

தையலுக்கு சமமா கணக்கும் சொல்லிக்குடுங்க. ஒரு பொண்ணு யூனிபார்ம் கவுன் ஒண்ணு 15,000 ஷில்லிங்குக்கு வித்துட்டு சந்தோஷமா இருந்துச்சு. போர்டுல எழுதுனோம், துணி 10,000, ஜிப்பு நூலு 2,000, துணி வாங்கப் போக வர போடா போடா, அதான் பைக் டாக்ஸி, 4,000. கூட்டிப் பாத்துட்டு அந்த பொண்ணு சாக்பீஸ வச்சுட்டு சிரிச்சுச்சு, ஆயிரம் ஷில்லிங் கைய விட்டு போட்டு, கூலியும் இல்லாம தச்சுருக்கு. மறுநாளே நாலு பேரு சேந்து ஒருத்தர மட்டும் துணி வாங்க அனுப்புனாங்க.

திரும்பி வரும்போது கத்தரி, பாபின் எல்லாம் அங்கயே விட்டுட்டு அந்த எடைக்கு கிடெங்கே துணி அள்ளிட்டு வாங்க. மஞ்சக் காய்ச்சல் கார்ட மட்டும் பொட்டில போட்டுறாதீங்க, கைப்பைலயே இருக்கட்டும், அங்கருந்து வர்றவங்ககிட்ட நம்ம ஏர்போர்ட்லயும் கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா உக்கார வச்சுருவாங்க.