சாட்ஸ்வொர்த் முற்றத்தில் பீர் சாசேஜ்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. இங்கே பிராய், அதாவது கரி நெருப்பில் இறைச்சி வாட்டும் விருந்து, போடும் நாளைப் பஞ்சாங்கம்தான் முடிவு செய்யும். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், தென்னாப்பிரிக்கா முழுக்க விடுமுறை. அன்றைக்குத் தெருவுக்குத் தெரு கரி மூட்டி இறைச்சி வாட்டுவார்கள். ஆனால் அது புரட்டாசியில் வந்து விழுகிறதே! டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்த மாதம் முழுக்க அசைவம் கிடையாது. பக்கத்து வீட்டுப் புகை வேலி தாண்டி வரும். நாங்கள் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருப்போம். மாதம் முடிந்த முதல் ஞாயிறு காலையிலேயே மாமனார் கேட்டுவிடுவார்: "மாப்பிள்ளை, கரி இருக்கா?"

நான் தென்காசிக்காரன். இங்கே வந்த முதல் வருடம், மாப்பிள்ளை முறுக்கோடு நானே வாட்டுகிறேன் என்று இடுக்கியைக் கையில் வாங்கினேன். பச்சைக் கோழி சாசேஜை நேராக நெருப்பில் போட்டேன். கொழுப்பு சொட்டி, தீ எழும்பி, 5 நிமிடத்தில் தோல் கறுத்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் நடுவில் ரோஜா நிறம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அத்தனையையும் வாரிக்கொண்டு போய்த் தக்காளிச் சட்டியில் போட்டு வேகவைத்தார். அந்த மௌனம் இன்னும் மறக்கவில்லை.

வழி சொன்னவர் என்னோடு நியூ ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர். டர்பனை அடுத்த பைன்டவுன் பக்கம் உள்ள அந்த ஊருக்குப் பெயர் வந்ததே 1848-ல் ஜெர்மானியர்கள் வந்து குடியேறியதால்தான். இவரும் அந்த வம்சம். "உள்ளே வேகவைப்பது பீரின் வேலை, தோலைச் சிவக்கவைப்பது நெருப்பின் வேலை. இரண்டையும் நெருப்பிடமே கொடுத்தால் ஒன்று கெடும்" என்றார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெர்மானியர் வழியாகப் பரவிய முறை இது.

12 பேருக்கு 2 கிலோ தடித்த சாசேஜ் போதும். எங்கள் வீட்டில் கோழி பாதி, ஆடு பாதி. பன்றி சாப்பிடுபவர்கள் இருந்தால் அதற்குப் பாத்திரமும் கம்பி வலையும் தனி. 750 மில்லி பீர் 2 பாட்டில். அந்த அளவை இங்கே குவார்ட் என்பார்கள். கேஸில் லாகர் மாதிரி மிதமான பீர்தான் சரி. 1895-லிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் காய்ச்சிய சரக்கு, மாமனாருக்கு வேறெதுவும் பீரே இல்லை. கசப்பு தூக்கலான விலை உயர்ந்த பீரை இதில் கொட்டாதீர்கள். நீர் வற்ற வற்ற, கசப்பு மட்டும் தங்கி நிற்கும்.

அகலமான பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெய் உருக்கி, நீளமாக நறுக்கிய 4 பெரிய வெங்காயத்தைச் சுருள வதக்குங்கள். தட்டிய பூண்டு 6 பல், கீறிய பச்சை மிளகாய் 4, ஒன்றிரண்டாக இடித்த மல்லி விதை ஒரு மேஜைக்கரண்டி, ஒரு கொத்து கறிவேப்பிலை. கறிவேப்பிலையைப் பார்த்து என் ஜெர்மன் நண்பர் சிரித்தார், சாப்பிட்டபின் சிரிக்கவில்லை. உப்பு வேண்டாம், சாசேஜிலேயே நிறைய இருக்கும். பீரைப் பாத்திரத்தின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். சூடு பட்டதும் பால் மாதிரி பொங்கும், அதனால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பக்கூடாது.

இனிமேல்தான் கவனம் வேண்டும். சாசேஜைப் போட்டபின் பீர் தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி எழும்பி உடைய வேண்டும். நடுவில் ஆவி மட்டும் அலைய வேண்டும். தெர்மாமீட்டர் வைத்தால் 80 டிகிரி செல்சியஸ் காட்டும். கொதித்தால் தோல் இறுகி வெடிக்கும், கொழுப்பு வெளியேறும், மேலே எண்ணெய் மிதக்கும், உள்ளே சக்கை. முள்கரண்டியால் குத்தினாலும் இதே கதிதான். 15 முதல் 20 நிமிடத்தில் சாசேஜ் விறைத்து, வெளிறிப்போய், பார்க்கவே சகிக்காத சாம்பல் நிறத்துக்கு வரும். பயப்படாதீர்கள், அதுதான் பதம். நடுவில் ஆட்டுக்கு 71 டிகிரி, கோழிக்கு 74 டிகிரி வந்திருக்க வேண்டும். 2017-18-ல் போலனி என்ற பதப்படுத்திய சாசேஜ் வழியாக லிஸ்டீரியா என்ற கிருமி பரவி இந்த நாட்டில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்து "வெந்துவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு விஷயத்தை விருந்தினர்களிடம் மறைக்காதீர்கள். பீரில் உள்ள ஆல்கஹால் 20 நிமிடத்தில் முழுசாகப் போய்விடாது. கோவில் கமிட்டியில் இருக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் நான் தனிச் சட்டி வைத்துவிடுவேன். அதில் கோழி எலும்புச் சாறு, ஒரு கரண்டி வினிகர், அதே வெங்காயம், அதே மல்லி. மணம் கொஞ்சம் குறையும், பதம் அதேதான்.

இதற்குள் கரி தயாராகியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கடைசிவரை போகாது. தீ அடங்கி, கரித்துண்டுகள் மேல் வெள்ளைச் சாம்பல் படியும்வரை பொறுங்கள். வலை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். 5 வரை தாங்கினால் சரியான சூடு. இரண்டிலேயே கை விலகினால் இன்னும் காத்திருங்கள்.

சாசேஜை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வலையில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் சிவக்காது, ஒட்டும். கால் கால் திருப்பமாக உருட்டி 6 முதல் 8 நிமிடம், அவ்வளவுதான். உள்ளே ஏற்கெனவே வெந்தது, தோல் சிவந்தால் இறக்கிவிடலாம். தீ எழும்பினால் சாசேஜை ஓரத்துக்குத் தள்ளுங்கள். என் மாமனார் கையிலிருக்கும் பீரை நெருப்பில் தெளிப்பார். சாம்பல் பறந்து எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொள்ளும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பூரவோர்ஸை மட்டும் பீர்ச் சட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சுருட்டி விற்கும் அந்த நீள சாசேஜுக்கு இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது: குறைந்தது 90 சதவீதம் இறைச்சி, கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதன் மணமே வறுத்த மல்லிதான், நம் வீட்டு வாசனை. சுருளைப் பிரிக்காமல் நேராகக் கரியில் வாட்ட வேண்டும். நான் ஒருமுறை அதை வேகவைக்கப் போக, அடுத்த வீட்டு ஆஃப்ரிகானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) தாத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

12 மணிக்கு வரச் சொன்னால் 2 மணிக்கு வரும் சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களுக்காகவே ஒரு உபாயம். விஸ்கான்சினில் ஷெபாய்கன் என்ற ஊரில் வரிசையை மாற்றி, முதலில் வாட்டிவிட்டு அப்புறம் பீரிலும் வெங்காயத்திலும் ஊறவைப்பார்கள். நான் இரண்டையும் செய்கிறேன். வாட்டியதைத் திரும்பவும் சூடான பீரில் போட்டு, மிகச் சின்னத் தீயில் மூடி வைத்தால் மணிக்கணக்கில் காயாது. சூடு மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. பரிமாறும்முன் ஒரு நிமிடம் வலையில் காட்டினால் தோல் மறுபடி மொறுமொறுக்கும்.

சட்டியில் நிற்கும் வெங்காயத்தைக் கொட்டிவிடாதீர்கள், விருந்தே அதுதான். பீரை வடித்துவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரை போட்டுப் பழுப்பாகும்வரை வதக்கி, ரொட்டியைப் பிளந்து சாசேஜோடு சேர்த்து அடையுங்கள். கடுகு சாஸ் வைப்பவர்கள் வைக்கலாம். எங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய்.

மிஞ்சினால் மறுநாள் அதை வட்டமாக வெட்டி, தக்காளி, கறிவேப்பிலை, மிளகாய்த்தூளில் சாசேஜ் சட்னி ஆக்குவது டர்பன் வழக்கம். மாமியார் அதற்காகவே 6 எண்ணத்தை முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைத்துவிடுவார். எங்கே என்று எனக்குத் தெரியும்: ஃபிரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால்.