பகிர்வுச் சேமிப்பகத்தோடு மேசைக்கணினியை இணைக்கும்போது வேகம் எங்கே தொலைகிறது?

பல எடிட்டர்கள் ஒரே காட்சிக் கோப்புகளில் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்காகப் பகிர்வுச் சேமிப்பகம் வாங்குவோர், பெரும்பாலும் அந்தப் பெட்டியின் வேகத்தை மட்டுமே விசாரிக்கிறார்கள். எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை), எத்தனை டெராபைட் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும். அந்தப் பெட்டியிலிருந்து புறப்படும் தரவு எடிட்டரின் மேசைக்கு வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பதோ, அங்கே ஏற்கெனவே இருக்கும் கணினியின் மதர்போர்டும் அதன் ஸ்லாட்டுகளும் நெட்வொர்க் கார்டும்தான். ஆகவே சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, இணைக்கப்போகும் ஒவ்வொரு கணினியின் மூடியையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

நெட்வொர்க் வேகம் பிட்டிலும் கோப்புகளின் அளவு பைட்டிலும் சொல்லப்படுவதால், எல்லாவற்றையும் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிட் கணக்கை 8-ஆல் வகுத்தால் போதும். சாதாரண கிகாபிட் இணைப்பு கருத்தளவில் நொடிக்கு 125 மெகாபைட் தரும். கோப்புப் பகிர்வின் மேல்சுமை போக, கைக்கு வருவது ஏறத்தாழ 110 மெகாபைட். 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 29.97 சட்டகங்கள் கொண்ட புரோரெஸ் 422 எச்க்யூ (எடிட்டிங்குக்கான ஆப்பிளின் உயர்தர வீடியோ வடிவம்) கோப்பு ஒன்றின் தரவு வீதம் 884 மெகாபிட், அதாவது சுமார் 110 மெகாபைட். ஆக, கிகாபிட் இணைப்பில் இந்த வகைக் கோப்பு ஒன்று மட்டும் ஓடினாலே குழாய் நிரம்பிவிடுகிறது. டைம்லைனில் ஒரு கிராஸ் டிசால்வ் (ஒரு காட்சி மங்க, மற்றொன்று மேலெழும் மாற்றம்) வைத்தால், அந்த இடத்தில் இரண்டு கோப்புகளை ஒருங்கே படிக்க வேண்டியிருப்பதால் காட்சி நின்று நின்று ஓடும். அதே கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையில்) 1080 வரி அளவென்றால் தேவை 27.5 மெகாபைட்தான், மூன்று கேமரா வரை கிகாபிட்டிலேயே சமாளிக்கலாம்.

10 கிகாபிட் இணைப்பு நடைமுறையில் நொடிக்கு 1,000 மெகாபைட்டுக்குச் சற்று மேலே தருகிறது. நான்கு கேமராக்களின் யுஎச்டி (மேற்சொன்ன 3840க்கு 2160 அளவு) கோப்புகளை ஒருசேர ஓட்ட 440 மெகாபைட் போதுமாதலால், பெரும்பாலான எடிட்டிங் மேசைகளுக்கு இது தாராளம். ஆனால் வண்ணச் சீரமைப்புக்காக 4096க்கு 2160 அளவுள்ள 10 பிட் டிபிஎக்ஸ் (ஒவ்வொரு சட்டகத்தையும் தனிக் கோப்பாக வைக்கும் வடிவம்) சட்டகங்களை ஓட்டினால், ஒரு சட்டகமே 35 மெகாபைட்டுக்கு மேல் இருக்கும். நொடிக்கு 24 சட்டகங்களுக்கு ஏறக்குறைய 850 மெகாபைட் தேவை. அப்படிப்பட்ட மேசைக்கு 10 கிகாபிட் கூட விளிம்பில்தான் நிற்கும்.

ஸ்லாட்டின் நீளத்தை நம்ப வேண்டாம்

இந்த விஷயத்தில் அதிகப் பேர் தடுமாறும் இடம் இதுதான். நெட்வொர்க் கார்டு போன்றவற்றைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் வேகம் இரண்டு எண்களால் அமைகிறது: அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, அதில் எத்தனை தடங்கள் (தரவு செல்லும் பாதைகள்) மின்சார ரீதியில் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் தலைமுறையில் ஒரு தடம் நொடிக்கு 500 மெகாபைட் கடத்தும். மூன்றாம் தலைமுறையில் 985. நான்காம் தலைமுறையில் அதைப்போல் இருமடங்கு. இவை கருத்தளவிலான உச்சங்கள். நடைமுறையில் இதிலும் குறையும். ஒற்றைத் தடமுள்ள மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 10 கிகாபிட் கார்டு வேலை செய்யும், ஆனால் முழு வேகம் ஒருபோதும் வராது.

கார்டும் ஸ்லாட்டும் வெவ்வேறு தலைமுறையாக இருந்தால், இரண்டில் பழையது எதுவோ அதன் வேகத்துக்கே இணைப்பு இறங்கிவிடும். சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு மலிவாகக் கிடைக்கும் பழைய கார்டுகளில் பல, இரண்டாம் தலைமுறையில் 8 தடங்களை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அத்தகைய ஒரு கார்டை 4 தட ஸ்லாட்டில் போட்டால் 2,000 மெகாபைட் கிடைக்கும், ஒற்றை 10 கிகாபிட் போர்ட்டுக்கு அது போதும். ஒற்றைத் தடத்தில் அகப்பட்டுக்கொண்டால், ஸ்லாட் நான்காம் தலைமுறையாகவே இருந்தாலும், 500 மெகாபைட்டைத் தாண்டாது.

அடுத்த பொறி, மதர்போர்டில் நீளமாகத் தெரியும் இரண்டாவது ஸ்லாட். 16 தடத்துக்கான நீளம் இருந்தாலும் உள்ளே 4 தடங்களுக்கு, சில பலகைகளில் ஒரே தடத்துக்கு மட்டுமே கம்பி போடப்பட்டிருக்கும். அந்தத் தடங்களும் நேராக பிராசசருக்குச் செல்லாமல் சிப்செட் (மதர்போர்டின் துணைச் சில்லு) வழியாகச் செல்வதுண்டு. சிப்செட்டுக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள ஒரே பாதையை சாட்டா டிஸ்க்குகள், யுஎஸ்பி போர்ட்டுகள், கூடுதல் எம்.2 எஸ்எஸ்டி எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. பல இன்டெல் மேசைக்கணினிகளில் அந்தப் பாதையின் அகலம் மூன்றாம் தலைமுறையின் 4 தடங்களுக்குச் சமம், அதாவது 4,000 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. நெட்வொர்க் மட்டும் ஓடும்போது இது தெரியாது. எடிட்டிங் மென்பொருள் தன் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) சிப்செட் வழியாக இணைந்த எஸ்எஸ்டியில் எழுதிக்கொண்டே சேமிப்பகத்திலிருந்தும் படிக்கும் நேரத்தில்தான் இழுபறி தெரியவரும்.

ஆகவே மதர்போர்டின் கையேட்டை எடுத்து, ஸ்லாட் பற்றிய பக்கத்தை அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படியுங்கள். "இரண்டாவது எம்.2-ல் எஸ்எஸ்டி இருந்தால் இந்த ஸ்லாட் செயல்படாது" என்பது போன்ற வரிகள் பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் கிடக்கும். ஒரு கணினியில் நானே அரை நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் அப்படியொரு வரியைக் கண்டேன். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் 16 தடங்களைப் பாதியாகப் பிரித்து 8 தடத்தை நெட்வொர்க் கார்டுக்குத் தர மதர்போர்டு அனுமதித்தால், தயங்காமல் அதைச் செய்யலாம். வழக்கமான எடிட்டிங் வேலையில் அந்த இழப்பைக் கவனிப்பதே கடினம்.

ஸ்லாட்டே இல்லாத கணினிகள்

மேக் மினி போன்றவற்றில் 10 கிகாபிட் போர்ட் வாங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்று. பிறகு உள்ளே பொருத்த வழியில்லை. மிஞ்சுவது தண்டர்போல்ட் (வெளியே மாட்டும் அதிவேகப் போர்ட்) அடாப்டர். தண்டர்போல்ட் 3 முதல் இது நம்பகமாகவே வேலை செய்கிறது, விலையும் சூடும்தான் கூடுதல். ஆனால் யுஎஸ்பி-சி வடிவில் இருக்கும் எல்லாப் போர்ட்டும் தண்டர்போல்ட் அல்ல. வெறும் 5 கிகாபிட் யுஎஸ்பி போர்ட்டாக இருந்தால், குறியாக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவதால், எந்த அடாப்டரை மாட்டினாலும் உச்சம் 500 மெகாபைட்டுக்குள்தான். அங்கே 2.5 கிகாபிட் அடாப்டர் ஒன்றைப் போட்டு நொடிக்கு 280 மெகாபைட்டோடு நிறைவடைவதே நியாயமான தேர்வு.

கேபிளும் ஸ்விட்சும்

10 கிகாபிட்டை 100 மீட்டர் கொண்டுசெல்ல கேட் 6ஏ ரக நெட்வொர்க் கேபிள் வேண்டும். கேட் 6 கேபிளில் 55 மீட்டர் வரை கணக்கிட்டுக்கொள்ளலாம். சுவருக்குள் பழைய கேட் 5இ இருந்து அதைப் பிடுங்க முடியாதென்றால், 2016-இல் தரப்படுத்தப்பட்ட 2.5 கிகாபிட் அதிலேயே ஓடும். ஆனால் பழைய 10 கிகாபிட் கார்டுகள் சிலவற்றுக்கு 2.5, 5 ஆகிய இடைவேகங்களே தெரியாது. இன்டெல் எக்ஸ்540 அத்தகையது: 2.5 கிகாபிட் ஸ்விட்சில் செருகினால் அது நேராக 1 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

இரண்டு கிகாபிட் போர்ட்டுகளை ஸ்விட்சில் ஒன்றாகக் கட்டிவிட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கணினியின் ஒரு இணைப்பு ஒரு கம்பி வழியாகத்தான் செல்லும். பல எடிட்டர்களின் சுமை பிரிவதற்கு அது உதவுமே ஒழிய, ஒருவரின் டைம்லைனுக்கு உதவாது. ஒருவருக்கே இரு கம்பிகளின் வேகமும் வேண்டுமென்றால், இரு முனைகளிலும் எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு நெறிமுறை) மல்டிசேனல் இயங்க வேண்டும். ஜம்போ ஃப்ரேமை (வழக்கத்தைவிடப் பெரிய நெட்வொர்க் பொட்டலங்களை) நான் எப்போதும் கடைசிக்கு ஒதுக்கி வைப்பேன்: கணினி, ஸ்விட்ச், சேமிப்பகம் மூன்றிலும் அளவு ஒன்றாக இல்லாவிட்டால், கிடைக்கும் சிறு லாபத்தைவிட வரும் தலைவலி பெரிது.

அளந்து பார்க்கும் வரிசை

இணைத்தபின் வேகம் வரவில்லை என்றால், கீழிருந்து மேலாக ஒவ்வொரு படியாகச் சோதியுங்கள். முதலில் இயங்குதளத்தின் நெட்வொர்க் பக்கத்தில் இணைப்பு 10 கிகாபிட் என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். 1 கிகாபிட் என்றால் கேபிளையோ ஸ்விட்ச் போர்ட்டையோ சந்தேகிக்கலாம். அடுத்து, கார்டு எந்தத் தலைமுறையில், எத்தனை தடத்தில் இணைந்திருக்கிறது என்பதை வன்பொருள் விவரம் காட்டும் மென்பொருளில் சரிபாருங்கள். பிறகு ஐபெர்ஃப்3 என்ற சோதனை மென்பொருளை இரு முனைகளிலும் ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 10 கிகாபிட்டில் 9.4 வந்தால் குறையில்லை. 4 அல்லது 7 என்று நின்றால் ஸ்லாட்டுக்குத் திரும்புங்கள். ஸ்லாட் சரியாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ஒரேயொரு பிராசசர் கோர் மட்டும் முழுதாக நிரம்புகிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டத் தவறாதீர்கள்.

ஐபெர்ஃப் நன்றாக வந்து, கோப்பு வாசிப்பு மட்டும் மந்தமாக இருந்தால், சேமிப்பகத்தின் டிஸ்க்குகளையோ எஸ்எம்பி அமைப்புகளையோ பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பின் ப்ரோ, என்டர்பிரைஸ் வகைகள் எஸ்எம்பி கையொப்பமிடுதலை (தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று பிராசசர் சரிபார்ப்பதை) இயல்பாகவே கட்டாயமாக்குவதால், பழைய பிராசசர்களில் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளே வேகம் குறைந்ததாகத் தோன்றலாம். டிஸ்க் சோதனைக்குக் கணினியின் நினைவகத்தைவிடப் பெரிய கோப்பைப் பயன்படுத்துங்கள். சிறிய கோப்பு நினைவகத்திலிருந்தே திரும்ப வந்து, நம்ப முடியாத எண்களைக் காட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் காட்சி திக்கினால், கோடெக்கைப் பாருங்கள். 10 பிட் 4:2:2 எச்இவிசி (மிகவும் சுருக்கப்பட்ட வீடியோ வடிவம்) கோப்பின் தரவு வீதம் கிகாபிட்டுக்கே எளிதுதான். ஆனால் அதை விரித்துக் காட்டும் திறன் பல கிராஃபிக்ஸ் கார்டுகளின் வன்பொருளில் இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. அந்தக் கோப்பு உள்ளிருக்கும் எஸ்எஸ்டியிலும் அப்படியே திக்கினால், நெட்வொர்க்குக்கு அதில் பங்கில்லை.

மாற்றவே முடியாத கணினிக்கு ஒரு வழி உண்டு: குறைந்த தரவு வீதமுள்ள பிராக்ஸி கோப்புகளை (அசலின் சிறிய நகல்களை) உருவாக்கிச் சேமிப்பகத்திலேயே வைத்து, அவற்றில் வெட்டித் தொகுங்கள், கேஷை மட்டும் உள்ளிருக்கும் எஸ்எஸ்டிக்கு ஒதுக்குங்கள். இறுதி ஏற்றுமதியை 10 கிகாபிட் உள்ள ஒரு மேசையில் அசல் கோப்புகளோடு செய்துகொள்ளலாம்.